சொரிமுத்துச் சித்தப்பாவின் சென்ட் பாட்டில்

ஆகஸ்ட் 11, திங்கள்

பேச்சியம்மாள் என்று பேர் வைத்துவிட்டு வாயை மூடு என்றால் எப்படி? அப்பா அப்படித்தான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் என் கைப்பேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதனால் இந்த டைரி. ஜனவரியில் மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. இத்தனை மாதமாக அம்மா இதன்மேல் சூடான தோசைக்கல்லை வைத்துக்கொண்டிருந்தாள். அட்டை கொஞ்சம் கருகியிருக்கிறது. என் பேர் மாதிரியே.

என்மேல் உள்ள வழக்கு இதுதான். எங்கள் பிளஸ் ஒன் பையன்களுக்கு விளையாட்டு பீரியட் முடிந்ததும் முகம் கழுவத் தோன்றாது. ஆளுக்கொரு ஸ்பிரே டப்பாவை எடுத்துச் சட்டைக்குள் விட்டு உஸ்ஸ்ஸ். கொசு மருந்து அடிக்க வருகிற கார்ப்பரேஷன் ஆளாவது மூக்கில் துணி கட்டிக்கொள்வார். ஒரு டப்பாவில் ‘கடல் காற்று’ என்று போட்டிருக்கிறது. நான் உவரிக்குப் போயிருக்கிறேன். கடல் காற்றில் கருவாடுதான் மணக்கும். இன்னொன்றில் ‘நாள் முழுவதும் நிற்கும்’ என்று இருக்கிறது. அது நிற்கும், உண்மைதான். பக்கத்தில் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள்.

இவ்வளவு வாசனைப் பிரியர்களுக்கு எங்கள் வீட்டுச் சரக்கையும் காட்டலாமே என்று, கொட்டகையிலிருந்து ரோஸ் நிறப் பன்னீர் சென்ட்டைச் சின்ன பாட்டிலில் கொண்டுபோய் அவர்கள் பெஞ்சில் தெளித்தேன்.

எங்கள் வீட்டுச் சரக்கு என்றால் என்ன என்று எழுதிவிடுகிறேன். அப்பா பேர் கொம்பையா. பாளையங்கோட்டையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டி, நாற்காலி, சாமியானா, அமரர் ஊர்தி எல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். கூடவே ஒரு கேன் பன்னீர் சென்ட். மாலைமேல், பெட்டிமேல், கடைசியில் வண்டிமேல் அடிப்பார்கள். இந்த ஊரில் மூக்கு உள்ள எவருக்கும் அந்த வாசனை தெரியும்.

வணிகவியல் திரவியம் சாருக்கும் தெரியும். வாசலுக்கு வந்தார். மூக்கை உறிஞ்சினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, முதல் பெஞ்சு ரெஜினாவிடம் மெதுவாக, “எப்ப எடுக்காவ?” என்று கேட்டார்.

வகுப்பு கவிழ்ந்துவிட்டது. தலைமையாசிரியர் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா அவசரத்தில் அமரர் ஊர்தியிலேயே வந்து இறங்க, வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டார். அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வண்டி ஓட்டுவது, பெட்டி இறக்குவது எல்லாம் சொரிமுத்துச் சித்தப்பா. அப்பாவின் தம்பி. முப்பத்து நாலு வயது. பெண் கிடைக்கவில்லை. இதுவரை வந்த ஐந்து இடமும் ‘தொழில் ஒரு மாதிரியா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டன. ஒரு வீட்டில் நாங்கள் உட்கார்ந்த நாற்காலியை நாங்கள் வாசல் தாண்டுவதற்குள் கழுவினார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து சித்தப்பாவுக்குத் தன்மேல் வாடை அடிக்கிறது என்று ஒரு நினைப்பு. எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டு சென்ட் வரவழைத்தார். கறுப்புப் பாட்டில், தங்க மூடி. பால் வாங்கப் போவதற்கும் அதைக் கழுத்தில் இரண்டு, கக்கத்தில் இரண்டு, கைக்குட்டையில் ஒன்று. மணம் வேண்டி மணம் பூசுகிறார் என்று எழுதலாம். ஆனால் அந்தச் சிலேடை என் பாட்டன் காலத்துப் பனியன் மாதிரி, ஓட்டை விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால் வேலைக்குப் போகும்போது மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது. ஏன் என்று இன்று டியூஷன் விட்டு வண்டியில் வரும்போது கேட்டேன்.

“அழுதுக்கிட்டு இருக்கிறவங்க மூக்குல நம்ம சென்ட் ஏறிரக் கூடாதுட்டி. பொறவு ஆயுசுக்கும் அத எங்க மோந்தாலும் செத்தவுக ஞாபகம்தான் வரும். பன்னீருன்னா அது அதுக்குன்னே உள்ளது. நம்ம எதுக்கு நடுவுல?”

பெரிய தத்துவம். இதைச் சொன்ன ஆள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் டேஷ்போர்டைத் திறந்து உஸ்ஸ் உஸ்ஸ் என்று அடித்துக்கொண்டு இறங்கினார்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மா தன் பங்குக்குக் கூடத்துச் சுவரில் ஒரு டப்பா மாட்டியிருக்கிறாள். நேரம் பார்த்துத் தானாகவே தும்முகிறது. ஒவ்வொரு தும்மலுக்கும் மல்லிகை. சாம்பாரில் மல்லிகை, தயிரில் மல்லிகை. நேற்று பூரிக் கிழங்கில் பூ நாற்றம் அடித்தது, தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

“புதன்கிழமை பொண்ணு பாக்கப் போறோம். அதுக்குப் பொறவு அவுக இங்க வீடு பாக்க வருவாவ. உள்ள நுழைஞ்ச ஒடனே பொட்டி வாடை அடிக்கவா?” என்றாள் அம்மா.

பெட்டிக்கு என்ன வாடை? தகரம், தெர்மாகோல், ஐஸ் தண்ணீர். மூடி வைத்த பள்ளிக்கூட டிபன் டப்பாவை இதோடு சேர்த்து வைத்தால் பெட்டிக்குத்தான் அவமானம்.

காலையில் என்ஜிஓ காலனியிலிருந்து போன். பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். ‘பெட்டி மட்டும் அனுப்புங்க, சென்ட் எதுவும் வேண்டாம், வீட்ல எல்லாருக்கும் அலர்ஜி’ என்றார்களாம். அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

“சென்ட் அடிக்கலைன்னா அது செத்த வீடுன்னு தெருவுக்கு எப்பிடில தெரியும்?”

“அழுவாங்கல்லாண்ணே,” என்றார் சித்தப்பா.

“இப்பல்லாம் அதுவும் சந்தேகந்தான்.”

பெண் பேர் செண்பகவல்லி. வண்ணார்பேட்டைப் பெரிய ஜவுளிக்கடையில் வேலை. புதன்தான் லீவு. இதுவும் அமையாவிட்டால் மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போய்விடுவேன், அங்கே என் தொழில் என்னவென்று கேட்க ஆளில்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. போனால் டியூஷனிலிருந்து பஸ்ஸில் வருவேன். பஸ்ஸில் ஜன்னல் உண்டு.

ஆகஸ்ட் 20, புதன்

ஊற்றிக்கொண்டது.

முதலில் சென்ட். பிறகு சம்பந்தம்.

சித்தப்பா இன்று கணக்கு வழக்கில்லாமல் அடித்தார். சட்டைக்கு உள்ளே, வெளியே, முடியில், வாட்ச்சுப் பட்டையில். அப்பாவுக்கும் ஒரு பங்கு. அம்மா பவுடர் டப்பாவைக் கவிழ்த்திருந்தாள். வாடகைக் காரில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டார்கள். டிரைவர் பாலம் வருவதற்குள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, காத்தாட இருக்கட்டும்ணே என்றார். நல்ல மனிதர், மாஸ்க் இல்லாமல் வந்துவிட்டார்.

செண்பகவல்லி வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான். அப்பா இல்லை. சின்னக் கூடம், ஒரு ஜன்னல். பூ இல்லை, ஊதுபத்தி இல்லை, சாமி படத்துக்கு விளக்கு மட்டும். செண்பகம் என்று பேர், தலையில் ஒரு முழம் மல்லிகைகூட இல்லை. காப்பித் தட்டோடு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். “இவ பேச்சி, பேருக்கேத்த வாய்,” என்று அம்மா அறிமுகம் செய்தாள். சித்தப்பா பக்கம் வந்து தட்டை நீட்டியவர் அப்படியே நின்றார். கண்ணைச் சுருக்கினார். தட்டை என் மடியில் வைக்காத குறையாக வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார். அப்புறம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம். வாந்தி எடுக்கும் சத்தம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் அம்மா, “புள்ளைக்குக் காலையிலருந்தே ஒரு மாதிரி,” என்று இழுத்தார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போனவர் தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மா கதவுக்கு வெளியே நின்று, “போதும் தம்பி, தோலு உரிஞ்சிரும்,” என்றாள். வெளியே வந்ததும் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அந்தக் கழுத்திலேயே மறுபடி உஸ்ஸ்.

செண்பகவல்லியாம். ஜவுளிக்கடை ராணி. சாவு வீட்டுக்காரன் என்றதும் குமட்டுகிறதோ? உன் வீட்டுக்கும் ஒருநாள் பெட்டி வரும்.

(இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

ஆகஸ்ட் 21, வியாழன்

தரகர் போன் செய்தார். பொண்ணுக்குப் பிடிக்கலையாம். காரணம் சொல்லலையாம். சொல்ல வேண்டுமா?

ஆகஸ்ட் 23, சனி

மஸ்கட்டுக்கு ஏஜெண்ட் பேசிவிட்டார். செப்டம்பர் ஐந்தாம் தேதி மெடிக்கல். சித்தப்பா முருகன்குறிச்சி ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். போட்டோ எடுப்பதற்கும் சென்ட் அடித்துக்கொண்டு போயிருந்தார். போட்டோவில் அது தெரியவில்லை. சிரிப்பும் தெரியவில்லை.

நான் நன்றாகச் சாப்பிட்டேன். ‘ஏன் சாப்பிடலை’ என்று அம்மா என்னிடம் கேட்டது பொய்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பையில் ரோஸ் பாட்டிலைப் போட்டுக்கொண்டு பள்ளி விட்டதும் வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறினேன். திட்டம் எளிது. செண்பகவல்லி புடவை மடித்துக்கொண்டிருப்பார். அவர் கவுண்டர் முழுக்கப் பன்னீரைத் தெளித்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். கடை பூராவும் செருப்பைக் கழற்றட்டும்.

அவர் புடவைப் பிரிவில் இல்லை. வாசல் தாண்டியதும் கண்ணாடி மேஜை, அடுக்கடுக்காகப் பாட்டில்கள், நடுவில் அவர். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காகிதக் கீற்றில் சென்ட் அடித்து நீட்டுகிறார். சென்ட் கவுண்டர்! நெற்றியில் பச்சைத் தைலம் மினுங்குகிறது. கண் இரண்டும் கோவைப்பழம்.

ஒரு பணக்கார அம்மாள் வந்து, “ரொம்ப மைல்டா, வாசமே தெரியாத மாதிரி ஒரு சென்ட் குடுங்க. இப்ப அதான எல்லாரும் போடுறாங்க,” என்று கேட்டார். வாசமே தெரியாத சென்ட்! எங்கள் வீட்டுக் குழாயில் காலை ஆறு மணிக்கு வருகிறது. வேண்டுமானால் பிடித்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மாள் போனதும் செண்பகவல்லி என்னைப் பார்த்துவிட்டார்.

“நீ பேச்சில்லா? இங்க என்ன செய்யுத?”

“சும்மா பாக்க வந்தேன். வாந்தி எடுக்காம வேல பாக்கியளான்னு.”

அவர் முகம் மாறியது. மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் படிக்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“உங்க வீட்ல என்ன நெனச்சிட்டு இருக்காவ?”

“பொணப் பொட்டி தூக்குறவர்னு கொமட்டிருச்சுன்னு.”

“ஐயையோ!” நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, எனக்கு ஒத்தத் தலைவலி. காலையிலருந்து கட சாத்துற வரைக்கும் இந்த நாத்தத்துலதான் நிக்கேன். மாஸ்க் போட்டா சரக்கு விக்காதுன்னு விட மாட்டேங்காவ. புதன் ஒரு நாளுதான் மூக்குக்கு லீவு. அன்னைக்கு உங்க சித்தப்பா ஒரு கடையவே தலையில ஊத்திக்கிட்டு வந்து உக்காந்தா நான் என்ன செய்ய? அதுவும் நான் இங்க விக்கிற அதே சென்ட்டு!”

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

“சென்ட்டுக்காவ மாப்பிள வேண்டாம்னா தரகர் சிரிக்க மாட்டாரா? எங்கம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாவ. தெனமும் இப்பிடி பூசுத மனுசன் வீட்ல நான் எப்பிடி மூச்சு விட?”

“அப்ப தொழில்?”

“அது தெரிஞ்சுதான சரின்னேன்,” என்றார். “எங்க அப்பா செத்தப்போ பொட்டி கொண்டு வந்தது அவருதான். போட்டோவப் பாத்ததுமே தெரிஞ்சிட்டு. வந்தவன் போனவன் எல்லாம் பவுடரும் சென்ட்டுமா அப்பா மேல சாஞ்சி சாஞ்சி அழுதான். எனக்குத் தல வெடிக்கி. இந்த மனுசன் ஒருத்தர்தான் ஒண்ணும் அடிக்காம, ஒண்ணும் பேசாம, அப்பா கைய எடுத்து மெதுவா உள்ள வச்சாரு. அந்த ஆளுன்னு நெனச்சித்தான் காப்பித் தட்ட எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா வேற யாரோ உக்காந்திருக்காரு.”

பேச்சிக்குப் பேச்சு வராத முதல் நாள்.

“நாளைக்கு இல்ல, அடுத்த புதன் எங்க வீட்டுக்கு வாங்கக்கா. சென்ட் இல்லாத சித்தப்பாவக் காட்டுதேன்,” என்றேன்.

“பொண்ணு போயி மாப்பிள பாக்குற வழக்கம் உங்க பக்கம் உண்டோ?”

“பாளையங்கோட்டைக்கும் வண்ணார்பேட்டைக்கும் நடுவுல ஒரு பாலந்தானக்கா.”

சிரித்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் பையைத் திறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையை வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

“சென்ட்டு விக்கிற பிள்ளைக்கு சென்ட்டு பிடிக்காதாம்! இதுலயுமாட்டி வெளாட்டு?” என்று அம்மா கையை ஓங்கினாள். அப்பா பீரோவைப் பார்த்தார், பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று.

சித்தப்பா மட்டும் கோபப்படவில்லை. “என்னைய சிரிக்க வைக்கப் பாக்கா மதினி, விடுங்க,” என்று எழுந்து போனார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

இத்தனை வருடம் பொய்யாகச் சொன்னதையெல்லாம் நம்பினார்களே! பாதியை நம்பாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நம்ப மிச்சம் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கறுப்புப் பாட்டிலின் மூடியைக் கழற்றப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உள்ளே இருந்ததைக் கழிப்பறையில் ஊற்றினேன். கழிப்பறை இப்போது வெளிநாடு போய்வந்த மாதிரி இருக்கிறது. பாட்டிலை ஏழு தண்ணீர் விட்டு அலசி, எட்டாவது தண்ணீரை நிரப்பி வைத்தேன். வாசமே தெரியாத சென்ட்.

செப்டம்பர் 1, திங்கள்

சித்தப்பா மூன்று நாளாகத் தாமிரபரணியை அடித்துக்கொண்டு திரிகிறார். கழுத்தில் இரண்டு, கக்கத்தில் இரண்டு. இன்று என்னிடம், “வாடை இல்லைலா?” என்று கேட்டார். கமகமன்னு இருக்கு என்றேன். அம்மாவும் பக்கத்தில் வந்து மோந்து பார்த்து, “மெல்லிசா இருக்கு. ஒசந்த சரக்கு ஆறப்போட்டா இப்பிடித்தான்,” என்றாள்.

இவர்களுக்கெல்லாம் மூக்கு எதற்கு, கண்ணாடி மாட்டவா?

செப்டம்பர் 3, புதன்

பள்ளி விட்டு வந்து புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் ஆட்டோ. செண்பகவல்லி இறங்கினார். பின்னாலேயே அவர் அம்மா, பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஊர் என்ன சொல்லும் ஊர் என்ன சொல்லும் என்று முணுமுணுத்தபடி.

அம்மா ஜன்னலில் பார்த்ததும் ரூம் ஸ்பிரேயை எடுக்கத் தாவினாள். நான் முந்திக்கொண்டு பிடுங்கினேன். சுவரில் தும்முகிற டப்பாவையும் ஆணியோடு இழுத்துக் கொல்லையில் எறிந்தேன். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். “மூளை பிசகிட்டா ஒனக்கு?” என்று அம்மா கத்தி முடிப்பதற்குள் அவர்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார்.

சித்தப்பா சமாதானபுரத்தில் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அப்போதுதான் கொட்டகைப் பக்கமாக உள்ளே வந்தார். முதுகெல்லாம் வியர்வை. செண்பகவல்லியைப் பார்த்ததும் குளியலறைக்கு ஓடினார். கதவுக்குக் குறுக்கே நான்.

“நகருட்டி.”

“மாட்டேன்.”

“பேச்சி, கும்பிடுதேன். குளிச்சிட்டு வந்திருதேன்.”

“குளிக்காண்டாம்,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “அப்பிடியே வாங்க.”

சித்தப்பா கூடத்துக்குள் வராமல் நிலைப்படியில் நின்றார். “இப்பதான் வேலையிலருந்து... வாடை அடிக்கும்.”

செண்பகவல்லி எழுந்து சித்தப்பா பக்கத்தில் போய் நின்றார். அவர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“அடிக்கி,” என்றார் செண்பகவல்லி. “வேர்வ வாடை. வேல செஞ்சா அடிக்கத்தான செய்யும். அன்னைக்கு எதுக்கு அப்பிடிப் பூசிக்கிட்டு வந்திய? எங்க அப்பாவுக்குப் பொட்டி கொண்டு வந்தப்போ இப்பிடித்தான வந்திய?”

“உங்க அப்பாவா?”

“குலவணிகர்புரம். அப்ப அங்கதான் குடியிருந்தோம். ரெண்டு வருசம் முன்ன, மே மாசம்.”

சித்தப்பா யோசித்தார். “மாடி வீடு. இருட்டுப் படியில பொட்டி திரும்பல. நீங்கதான் மேல நின்னு லைட் அடிச்சிய.”

“ஆமா.”

ஜன்னல் வழியாக வெறும் காற்று வந்தது. “மஸ்கட்டுக்குப் போறியளாம்லா, தரகர் சொன்னாரு,” என்றார் செண்பகவல்லி. “போயித்தான் ஆவணுமா?”

சித்தப்பா வாயைத் திறந்தார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

எங்கள் வீட்டில் அந்தப் போன் அடித்தால் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சுக்கு நடுவில் சாவுச் செய்தி. அம்மா கண்ணாலேயே அணைச்சிருங்க, அணைச்சிருங்க என்றாள். செண்பகவல்லியின் அம்மா முருகா என்றார். சித்தப்பா போனை எடுத்து அமுக்கப் போனார்.

“எடுங்க,” என்றார் செண்பகவல்லி.

“இல்ல, நல்ல காரியம் பேசுதப்போ...”

“அந்த வீட்ல உங்களுக்காவக் காத்துக்கிட்டு இருப்பாவ. நாங்க இருந்தோம்லா, வெயில்ல, அப்பாவ வச்சிக்கிட்டு. எடுங்க.”

எடுத்தார். “சொல்லுங்கய்யா. எந்தத் தெரு? சரி. வாரேன்,” என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து அப்பாவிடம், “அண்ணே, ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்ருங்க. வெள்ளிக்கிழமை வரலைன்னு,” என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லியைப் பார்க்காமல் அவரிடம், “வர நேரமாகும்,” என்றார்.

வண்டி கிளம்பிப் போயிற்று. செண்பகவல்லியின் அம்மா எழுந்து, “வாட்டி, ஆட்டோ நிக்கி,” என்றார்.

“ஆட்டோவப் போவச் சொல்லும்மா,” என்று செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா வாசலுக்குப் போய் ஆட்டோவை அனுப்பினார். அம்மா என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

“சித்தி, தண்ணி.”

வாய் தவறிவிட்டது. அவர் திருத்தவில்லை. நானும் திருத்திக்கொள்ளவில்லை.